ஆபா இணைப்பில் இனிஷியல் சிக்கல்: கையாண்டவர்கள் சொல்லுங்கள்

அடையாறில் ஒரு சிறு கிளினிக்கின் மென்பொருளை நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளை டிஜிட்டலாக இணைக்கும் அரசுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனுடன் இணைக்கிறோம். அத்திட்டத்தின் சுகாதார அடையாளமான 14 இலக்க ஆபா (ABHA) எண் பதிந்தவர்களுக்குத் தொல்லையில்லை. பழைய நோயாளிகளை மொபைல், பெயர், பாலினம், பிறந்த ஆண்டு வைத்தே தேட வேண்டும்.

அங்கேதான் சிக்கல். அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே மொபைல். கிளினிக் பதிவில் 'எஸ். குமார்', ஆபாவில் 'குமார் சண்முகம்'. விதியைத் தளர்த்தினால் ஒருவரின் ரத்தப் பரிசோதனை முடிவு இன்னொருவர் கணக்கில் ஏறும். அது உயிருக்கே ஆபத்து. இறுக்கினால் பதிவே கிடைக்காது.

இப்போது இனிஷியலை நீக்கி ஒப்பிடுகிறோம். பிறந்த ஆண்டில் 2 வரை வித்தியாசம் ஏற்கிறோம். இருவர் பொருந்தினால் எதையும் காட்டுவதில்லை.

மிச்சம் ஆங்கில எழுத்துக்கூட்டல்: 'தமிழரசி'யின் ழகரம் ஆளுக்கொரு விதம். ஆங்கில ஒலிப்பை வைத்துப் பெயர்களை ஒப்பிடும் சவுண்டெக்ஸ் முறை இதற்கு உதவாது. தமிழ்ப் பெயர்களுக்கு நீங்கள் வைத்திருக்கும் ஒப்பீட்டு விதிகளைப் பகிர்வீர்களா?