ரமேஷ் கிருஷ்ணன் ஆட்டமும் நம் அனுபவமும்

பழைய ராக்கெட்:
1989 ஆஸ்திரேலிய ஓபன் டென்னிஸ், இரண்டாவது சுற்றில் நம் ரமேஷ் கிருஷ்ணன். எதிரில் விலாண்டர், அப்போது உலகின் நம்பர் 1, முந்தின வருஷம்தான் மூன்று கிராண்ட்ஸ்லாம் வாங்கியவர். ஹாஸ்டலில் நான் எல்லோருக்கும் கேட்கும்படி, "இந்த மெது சர்வீஸை வைத்துக்கொண்டு விலாண்டரையா?" என்று சிரித்தேன். ரூம்மேட் ஒன்றும் பேசவில்லை. ரமேஷ் நேர் செட்களில் ஜெயித்தார். அடுத்த நாள் மெஸ்ஸில் என் தட்டைத் தூக்கினால், அடியில் விளையாட்டுப் பக்கம் நாலாக மடித்து வைத்திருக்கிறது. அவன் எதிரில் உட்கார்ந்து இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தான். அப்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு மறந்திருப்பேன்.

நெட் கார்டு:
எனக்கு ரமேஷைத் தெரியாது, அவர் ஆட்டத்தைப் பார்த்தே வளர்ந்த ஒரு பெரியவரிடம் தோற்றிருக்கிறேன். எனக்கு 22, அவருக்கு அறுபதை ஒட்டி. 2-6, 1-6. அவர் மட்டையில் பந்து பட்டால் சத்தமே வராது. நான் ஓங்கி அடிக்க அடிக்க, பந்து இன்னும் தாழ்வாக, கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே வந்து விழும். கைகுலுக்கும்போது, "உன் வேகத்தைத்தான் தம்பி உனக்கே கொடுத்தேன்" என்றார்.

கேலரி சீட்டு:
மெது சர்வீஸ், மென்மையான ஆட்டம் என்று இரண்டு பேருமே அதையே சொல்கிறீர்கள். விம்பிள்டன் கால் இறுதி, யு.எஸ். ஓபனில் இரண்டு முறை கால் இறுதி, 1987இல் சிட்னியில் புல் தரையில் கடைசி ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவின் மஸூரை வென்று இந்தியாவை டேவிஸ் கோப்பை இறுதிக்குக் கொண்டுபோனது, இதெல்லாம் சும்மாவா? அப்புறம், இந்தக் கதை ரமேஷின் அப்பா ராமநாதன் கிருஷ்ணனிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும். 1960, 61 இரண்டு வருஷமும் விம்பிள்டன் அரையிறுதி. 1966இல் கல்கத்தாவில் டேவிஸ் கோப்பையில் பிரேசில் வீரர் தாமஸ் கோச்சோடு அவர் ஆடியபோது எங்கள் அப்பா கேலரியில் இருந்தார். நான்காவது செட்டில் கிருஷ்ணன் 2-5 என்று பின்தங்கியிருந்தார். "முடிந்தது" என்று எங்கள் அப்பா எழுந்து வந்துவிட்டார். வீட்டுக்கு வந்தபிறகுதான் கிருஷ்ணன் ஜெயித்த விஷயம் தெரிந்தது. கடைசிவரை டென்னிஸ் பேச்செடுத்தால் அப்பா எழுந்து உள்ளே போய்விடுவார்.

பேஸ்லைன்:
ரமேஷை ஒருமுறை நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் தூரத்தில் பார்த்தேன், அவ்வளவுதான். நெட் கார்டு தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். மென்மையாக ஆடுகிறவரிடம் ஓங்கி அடிப்பது தப்பு. வேகம் கொடுத்தால்தான் அவரால் திருப்ப முடியும். வேகமில்லாத பந்தை நடுவில் உயரமாகப் போடுங்கள், கோணம் கிடைக்காது. அவரே வேகத்தை உண்டாக்கட்டும். இரண்டாவது சர்வீஸ் வந்ததும் முன்னேறி வலைக்குப் போங்கள். பேக்ஹேண்டைத் தாழ்வாக ஸ்லைஸ் பண்ணுங்கள், அதாவது பந்தின் அடியை வெட்டுகிற மாதிரி அடியுங்கள். நடுநடுவே டிராப் ஷாட், வலையைத் தாண்டியதுமே விழுகிற மாதிரி. வயதானவர், இரண்டு முறை ஓடினால் மூச்சு வாங்கிவிடும்.

நெட் கார்டு:
டிராப் ஷாட் போட்டேன் சார். பந்து விழுவதற்கு முன்னாலேயே அங்கே வந்து நின்றுகொண்டிருந்தார்.