16ஆம் நாள் டெஸ்ட் நெகட்டிவ். நம்பலாமா, திரும்பச் செய்யணுமா?

மலைமுகடு:
வணக்கம். ஊர் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டம், வேலை கொழும்பில். போன போயா லீவுக்கு முதல் நாள் ஒரு பெண்ணோடு இருந்தேன், முன்பின் பழக்கமில்லாதவர். ஆணுறை கிழிந்திருந்ததை எல்லாம் முடிந்த பிறகுதான் பார்த்தேன். இன்றைக்கு 26ஆம் நாள்.

16ஆம் நாள் ஒரு தனியார் லேப்பில் எச்.ஐ.வி டெஸ்ட் செய்தேன். இருபது நிமிஷத்தில் நெகட்டிவ் என்று தாளைத் தந்து, "ஒன்றும் இல்லை, நிம்மதியாகப் போங்க" என்றார்கள். போன கிழமை காய்ச்சலும் தொண்டை நோவும் வந்தது. அன்றிலிருந்து தூக்கம் இல்லை. தேடிப் பார்த்தால் ஒரு இடத்தில் 28 நாள், இன்னொரு இடத்தில் 3 மாசம் என்று போட்டிருக்கிறது. தை மாசம் கல்யாணம் வேறு. எந்த நாள் செய்தால் அதுதான் கடைசி முடிவு? தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போக முடியாது, சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிடும்.

பதுளைக்காரன்:
ஆறு மாசம் பொறுக்கணும் தம்பி. அதற்கு முன் எந்த ரிப்போட்டும் செல்லாது. கல்யாணத்தைத் தள்ளிப் போடு.

லேப் அக்கா:
ஆறு மாசம் என்பது பழைய டெஸ்டுகளின் கணக்கு. பதுளை அண்ணன் கோபிக்க வேண்டாம், அதை இன்னும் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறார்கள். தம்பி, இரத்தம் விரலில் குத்தி எடுத்தார்களா, கை நரம்பில் ஊசி போட்டா? தாளில் டெஸ்டின் பெயர் என்னவென்று இருக்கிறது?

மலைமுகடு:
விரலில்தான் அக்கா. தாளை நாலாக மடித்து ஃபோன் கவருக்குள் வைத்திருந்தேன், மடிப்பில் எழுத்து அழிந்துபோயிருக்கிறது. 'ரேபிட்', 'ஆன்டிபாடி' என்ற இரண்டும் தெரிகிறது.

லேப் அக்கா:
அப்போ அந்தத் தாளை மறந்துவிடுங்க. அது பொய் சொல்லவில்லை, நீங்கள் சீக்கிரம் கேட்டுவிட்டீர்கள். அந்த டெஸ்ட் கிருமியைத் தேடாது. கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியைத்தான் தேடும். அது தெரிகிற அளவுக்கு வர 23 முதல் 90 நாள் ஆகலாம். அந்த இரவில் தொற்றியிருந்தாலும் 16ஆம் நாளில் இந்த டெஸ்டில் நெகட்டிவ் என்றுதான் வரும். "நிம்மதியாகப் போங்க" என்று சொன்னவருக்கு இது தெரிந்திருக்கணும்.

நரம்பில் இரத்தம் எடுத்து லேப்பில் செய்யும் நான்காம் தலைமுறை டெஸ்ட் வேறு. அது ஆன்டிபாடியோடு பி24 என்ற கிருமியின் புரதத்தையும் சேர்த்துப் பார்க்கும். பி24 முந்தியே இரத்தத்தில் தெரியும். அதனால் 18 முதல் 45 நாளுக்குள் பிடித்துவிடும். 45ஆம் நாளிலோ அதற்குப் பிறகோ அது நெகட்டிவ் என்றால், அந்த ஒரு இரவைப் பொறுத்தவரை முடிவு அதுதான். விரல் குத்தும் ரேபிட் என்றால் 90 நாள் பொறுக்கணும். நாட்களை அந்த இரவிலிருந்து எண்ணுங்க. உங்களுக்கு இன்னும் 19 நாள் இருக்கிறது. நடுவில் வேறு யாரோடும் இருந்தால் கணக்கு திரும்ப முதலில் இருந்துதான்.

காய்ச்சலை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மழைக்காலத்தில் நம்ம பக்கம் யாருக்குத் தொண்டை நோகவில்லை?

கண்டி தாதி:
ஒன்றை எல்லாருக்குமாகச் சொல்லிவைக்கிறேன். இப்படி நடந்தால் 72 மணித்தியாலத்துக்குள் ஆஸ்பத்திரிக்கு ஓடணும். தொற்றாமல் தடுக்க 28 நாள் போடும் மாத்திரை இருக்கிறது. தம்பிக்கு அந்த நேரம் தாண்டிவிட்டது. அந்த மாத்திரை போட்டவர்களுக்கு 45 நாள் கணக்கு பொருந்தாது, டாக்டர் சொல்லும் தேதிக்குத்தான் போகணும்.

டெஸ்டுக்கு அரசாங்க எஸ்.டி.டி. (பாலியல் நோய்) கிளினிக்குக்குப் போங்க. கண்டி, நுவரெலியா, பதுளை எல்லா இடத்திலும் இருக்கிறது. காசில்லை, டாக்டர் துண்டு தேவையில்லை. தெரிந்த முகம் வரும் என்று பயமாக இருந்தால் பக்கத்து மாவட்டத்துக்கோ, வேலை செய்யும் கொழும்புக்கோ போகலாம். அங்கேயும் ரேபிட் செய்வது உண்டு. அதனால் எந்த நாள் நடந்தது என்று சொல்லி, எந்த டெஸ்ட் என்று வாய்விட்டுக் கேளுங்க.

முக்கியமாக, யாருக்கும் தெரியாமல் டெஸ்ட் ஆகிவிடும் என்று இரத்ததான முகாமில் போய்ப் படுத்துவிடாதீங்க. கோயில் திருவிழா முகாம்களில் இப்படிச் சிலர் வருவது எனக்குத் தெரியும். டெஸ்டில் தெரியாத அந்த நாட்களில் கொடுத்த இரத்தம் இன்னொருவர் உடம்புக்குள் போகும்.

பெயர் வேண்டாம்:
எனக்கு பாசிட்டிவ். பல வருஷமாக மாத்திரை போடுகிறேன், அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. இரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்கு இறங்கியதும் மனைவிக்குத் தொற்றாது என்றார் டாக்டர், தொற்றவும் இல்லை. பிள்ளைக்கும் இல்லை. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி பரவுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்தது. அதைச் செய்தியில் கேட்ட அன்று என் மனைவி டீவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

தம்பி, ஒரு தடவையில் தொற்றுவது அரிது. தொற்றியிருந்தாலும் இதோடு எல்லாம் முடிந்துவிடாது. ரிப்போட் வரும்வரை யாரோடும் ஆணுறை இல்லாமல் இருக்க வேண்டாம், அவ்வளவுதான்.

பதுளைக்காரன்:
சரி, நான் சொன்னது பழைய கதைதான். எங்க வாத்தியார் சொல்லித் தந்தது.

மலைமுகடு:
எல்லோருக்கும் நன்றி. 46ஆம் நாள் கண்டிக்குப் போனேன். வாசலில் போர்டைப் பார்த்துவிட்டு இரண்டு தடவை தேத்தண்ணிக் கடைக்குத் திரும்பி வந்தேன். மூன்றாம் தடவை உள்ளே போனால், பல்லுக்குக் காட்ட வந்தவனிடம் பேசுவதுபோல் சாதாரணமாகப் பேசினார்கள். நாளைச் சொன்னேன், எந்த டெஸ்ட் என்றும் கேட்டேன். நான்காம் தலைமுறைதான், நரம்பில் எடுத்தார்கள்.

இன்றைக்கு ரிப்போட். நெகட்டிவ்.

எச்.ஐ.விக்கு இது போதும், சிபிலிஸ் என்ற இன்னொரு பாலியல் நோய்க்கு மட்டும் 3 மாசம் முடிந்ததும் இன்னொரு தடவை இரத்தம் பார்க்கணும் என்று கார்டில் தேதி எழுதித் தந்தார்கள். பார்த்தால் அது ஒரு திங்கட்கிழமை. சூப்பர்வைசரிடம் லீவுக்கு என்ன சொல்வதென்றுதான் இப்போது யோசிக்கிறேன்.

லேப் அக்கா:
பல் வலி என்று சொல்லுங்க.