திண்டுக்கல் குளங்களும் 200 மீட்டர் விலகலும்

திண்டுக்கல் மாவட்டத்துக் குளங்களைப் பழைய டோபோஷீட்டிலிருந்து (நில அளவை வரைபடத்தாளிலிருந்து) வரைந்தெடுத்த ஷேப்ஃபைல் (கணினி வரைபடக் கோப்பு) ஒன்று எங்கள் குழுவுக்கு வந்தது. க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் செயற்கைக்கோள் படத்தின் மேல் போட்டால், குளங்கள் கரையை விட்டுத் தென்கிழக்கே வயலில் கிடந்தன. உடன் வேலை செய்தவர், "எல்லாத்தையும் பிடிச்சு நகர்த்திடலாமே" என்றார். வேண்டாம் என்றேன். வரைந்தவர் கை பிசகியிருந்தால் குளத்துக்குக் குளம் விலகல் மாறும். இங்கே எங்கே அளந்தாலும் ஒரே திசை, 200 மீட்டருக்குச் சற்று மேல். அப்படியென்றால் காரணம் டேட்டம்தான், அதாவது அட்சரேகை, தீர்க்கரேகையை எந்தப் பூமி வடிவத்தை வைத்து அளக்கிறோம் என்ற அடிப்படை.

பழைய டோபோஷீட்டுகள் எவரெஸ்ட் நீள்கோளத்தை (பூமியின் வடிவத்துக்கான ஒரு கணித மாதிரியை) வைத்து வரையப்பட்டவை. 1830-இல் ஜார்ஜ் எவரெஸ்ட் இந்தியாவுக்குப் பொருந்தும்படி கணக்கிட்டது அது. அதன் மையம், ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84-இன் மையத்திலிருந்து 800 மீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. அதனால் ஒரே மதகுக்கு இரண்டிலும் வெவ்வேறு அட்சரேகை, தீர்க்கரேகை வரும். ஷீட்டின் மூலைகளில் அச்சிட்ட எண்களை அப்படியே கொடுத்து ஜியோரெஃபரன்ஸ் செய்துவிட்டு (படத்தைப் பூமியில் அதன் இடத்தில் பொருத்திவிட்டு), டபிள்யூஜிஎஸ் 84-இன் குறியீட்டு எண்ணான 4326 என்று பெயர் சூட்டியிருந்தார்கள். விலகல் அங்கேதான் நுழைந்தது.

இதைச் சரிசெய்ய இரண்டு படிகள். முதலில் லேயரின் சிஆர்எஸ்ஸை, அதாவது ஆயத்தொலைவு முறையின் பெயரை, எவரெஸ்ட் நீள்கோளத்தில் அமைந்த இந்திய டேட்டமான காலியான்பூர் 1975 (குறியீட்டு எண் இபிஎஸ்ஜி 4146) என்று மாற்றினேன். இதில் ஓர் எண்கூட மாறாது. அந்த எண்கள் எதைச் சேர்ந்தவை என்ற அடையாளம் மட்டும் திருந்தும். அப்புறம் 'ரீபுரொஜெக்ட்' கொடுத்து டபிள்யூஜிஎஸ் 84-க்குக் கொண்டுபோனேன். எண்கள் மாறுவது இந்தப் படியில்தான். புதிதாக வருகிறவர்கள் பலரும் இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்து முதல் படியோடு 4326 போட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஒரு டேட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற எந்த உருமாற்றம் வேண்டும் என்று க்யூஜிஐஎஸ் கேட்டால், அவசரத்தில் ஓகே தட்டாமல், ஒவ்வொன்றுக்கும் எத்தனை மீட்டர் துல்லியம் என்று போட்டிருப்பதைப் படியுங்கள்.

குளங்கள் கரைக்குள் வந்துவிட்டன. ஆனால் பரப்பளவு கணக்கிட யூடிஎம் (பூமியை 6 டிகிரி அகல மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை) தேவைப்பட்டபோது அடுத்த சிக்கல். 78 டிகிரி தீர்க்கரேகை இந்த மாவட்டத்தின் ஊடாகப் போகிறது: பழனி 43-ஆம் மண்டலம், நத்தம் 44. டோபோஷீட்டும் அங்கேதான் 58எஃப், 58ஜே என்று பிரிகிறது. நத்தம் பக்கத்துப் புள்ளிகள் 44-இல் கணக்கிடப்பட்டு, 43 என்ற பெயரோடு இன்னொரு கோப்பில் வந்திருந்தன. திறந்தால் லட்சத்தீவுக் கடலில் குளம்! இவ்வளவு பெரிய தவறு உடனே கண்ணில் பட்டுவிடும். நான் பயப்படுவது அந்த 200 மீட்டருக்குத்தான். பக்கத்து வயலைக் குளம் என்று காட்டினால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள், ஆக்கிரமிப்பு வழக்கில் அதுவே ஆவணமாகப் போய்விடும்.

மாவட்டம் முழுவதையும் 43-லேயே வைத்துக்கொண்டோம். நத்தம் வரை நீட்டினாலும் பரப்பளவில் அரை சதவீதத்துக்கும் குறைவாகத்தான் பிசகும். கடைசியாக நான்கு திசையிலும் சில மதகுகளில் ஜிபிஎஸ் எடுத்து ஒப்பிட்டோம். பழைய ஷீட்டில் வேலை செய்கிறவர்கள் இந்தச் சோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.