உங்கள் எழுத்தை ஒருவர் திருத்தியபோது, நீங்கள் ஒருவரைத் திருத்தியபோது: அனுபவங்களைப் பகிருங்கள்

சோமனூரிலிருந்து:

போன வாரம் ஒரு தம்பி தன் முதல் சிறுகதையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தான். "உண்மையச் சொல்லுங்கண்ணா, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்" என்றான். நினைத்துக்கொள்வான் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படிச் சொல்லிவிட்டு ஒரு மாதம் தூங்காமல் இருந்தவன்தான். அவனிடம் எப்படிப் பேசுவது என்று யோசிக்கும்போது எனக்கு நடந்தது ஞாபகம் வந்தது. அதை எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள், எனக்கு உதவும்.

எங்களுடையது விசைத்தறிக் குடும்பம். அப்பா கூலிக்கு நெய்தார். அவர் இறந்த மறுவருடம் அவரைப் பற்றி ஒரு கதை எழுதினேன். 11 பக்கம். அப்போது கோவையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் ஏழெட்டுப் பேர் கூடிக் கதை வாசிப்போம். அங்கே இருந்தது ஒரே விதி. கதை எழுதியவர் எல்லோரும் பேசி முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது.

முதல் மூன்று பேர் "நல்லா இருக்கு", "மனசைத் தொட்டுச்சு" என்றார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு நிலைகொள்ளவில்லை. அடுத்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். ஐயா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒண்ணே ஒண்ணு கேக்கறேனுங்க. தறிக்காரர் வீட்டுக் கதை. பதினோரு பக்கத்துல தறி ஓடற சத்தம் ஒரு இடத்துலகூடக் கேக்கலையே, ஏனுங்க?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இது அப்பாவைப் பற்றிய கதை, தறியைப் பற்றியது இல்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. விதி இருந்ததால் சொல்லவில்லை. அன்றைக்குப் பேசியிருந்தால் அந்தக் கேள்வியை அங்கேயே கொன்றிருப்பேன்.

திரும்பும் பேருந்தில்தான் உறைத்தது. எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் நின்றதே கிடையாது. அதற்கு மேல் கேட்க வேண்டும் என்று கத்திக் கத்திப் பேசியே அப்பாவின் குரல் அப்படி ஆகிவிட்டது. கல்யாண வீடுகளில் அவர் சண்டை போடுகிறார் என்று நினைத்து ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ராத்திரி மின்சாரம் போய்த் தறி நின்றால் எல்லோரும் விழித்துக்கொள்வோம். சத்தத்தில் தூங்குகிறவர்களை எழுப்புவது நிசப்தம்தான். இதில் ஒரு வரிகூட என் கதையில் இல்லை. அந்த இடத்தில் எல்லாம் "தியாகம்" என்றும் "சொல்ல முடியாத சோகம்" என்றும் எழுதி வைத்திருந்தேன். கூடவே வளர்ந்த சத்தம் என்பதால் என் காதில் அது விழவே இல்லை. வெளியிலிருந்து வாசித்தவருக்குத்தான் அது இல்லாதது தெரிந்தது.

நாலு மாதம் கழித்து அதே கதை 7 பக்கமாக வந்தது. மின்சாரம் போன ஓர் இரவில் அப்பா முதல்முறையாகத் தாழ்ந்த குரலில் பேசுவதோடு முடித்தேன்.

ஐயா திருப்பித் தந்த தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓரங்களில் பென்சிலால் ஒற்றை ஒற்றை எழுத்தாக இருந்தது. 'கூ', 'மி', 'செ'. என்னவென்று கேட்டேன். "நன்னூல் படிச்சிருப்பீங்களே தம்பி" என்று சிரித்தார். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய இலக்கண நூல். அதன் பாயிரத்தில் ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று சொல்லியிருக்கிறது. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துபோனது. 'கூ' என்றால் கூறியது கூறல். 'மி' என்றால் மிகைபடக் கூறல். கடைசிப் பக்கத்தில் பெரிதாக 'செ', சென்று தேய்ந்து இறுதல். நன்றாகத் தொடங்கிப் போகப் போக மெலிந்து முடிவது. என் கதைக்கு அதைவிடச் சரியாக யாரும் பெயர் வைக்க முடியாது. எண்ணூறு வருடமாக எல்லோரும் செய்துவரும் தப்பைத்தான் நானும் செய்திருக்கிறேன் என்று தெரிந்தபோது, நான் எழுதவே லாயக்கில்லை என்ற எண்ணம் போய்விட்டது.

அதே பாயிரத்தில் பத்து அழகுகளும் உண்டு. ஐயா அவற்றையும் குறித்திருந்தார். அறுந்த இழையை அப்பா பார்க்காமலே விரலால் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுகிற இடத்தில் ஒரு 'சு'. சுருங்கச் சொல்லல். அந்த ஒரு வரியை அளவாக வைத்துக்கொண்டுதான் மற்றதை எல்லாம் வெட்டினேன். எது நன்றாக இருக்கிறது என்று இடம் சுட்டிச் சொல்பவர்கள் குறைவு. மூன்று பேர் "நல்லா இருக்கு" என்றார்களே, எது நன்றாக இருந்தது என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சென்னையிலிருந்து:

உங்களுக்கு நேர் எதிரானது என்னுடையது. நான் திருத்தியவள். எழுத மனம் வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

கோவில்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். அக்கா, அக்கா என்று ஆசையாகத் தன் கதையை அனுப்பினாள். நான் சிவப்பு மையில் இறங்கிவிட்டேன். "கம்மாய்" என்று வந்த இடத்தில் எல்லாம் "ஏரி". "சேக்காளி"யை "நண்பன்" ஆக்கினேன். "வெஞ்சனம்" என்பதை "குழம்பு" என்று மாற்றினேன். எல்லா ஊர்க்காரர்களுக்கும் புரிய வேண்டும் இல்லையா என்று குறிப்பு வேறு. இரண்டு நாள் செலவழித்தேன், நல்லது செய்கிறோம் என்றே முழுமனதாக நம்பினேன்.

ஒரு வாரம் பதிலே இல்லை. நானே போன் செய்தேன். "அக்கா, நீங்க திருத்துனதுக்கு அப்புறம் கதையில எங்க ஊரே இல்லக்கா" என்றாள். கோபம் இல்லாமல்தான் சொன்னாள். அதுதான் இன்னும் வலிக்கிறது.

அப்புறம் உட்கார்ந்து பழைய பிரதியை மறுபடி வாசித்தேன். வெஞ்சனம் என்றால் சோற்றோடு சேர்த்துக்கொள்ளும் எதுவும். அது குழம்பாக இருக்கலாம், காயாக இருக்கலாம், ஒன்றும் இல்லாத நாளில் வெறும் துவையலாக இருக்கலாம். "இன்னைக்கு வெஞ்சனம் என்ன?" என்று அந்தக் கதையில் பிள்ளைகள் கேட்கும்போது அம்மா பதில் சொல்லாமல் வெளியே போவாள். நான் "இன்னைக்கு என்ன குழம்பு?" என்று மாற்றியதில் அந்த அம்மாவின் மௌனத்துக்குக் காரணமே போய்விட்டது.

மன்னிப்புக் கேட்டேன். அந்தக் கதையை அவள் பழையபடியே வைத்துக்கொண்டாள், ஆனால் அதற்குப் பிறகு எதையும் எனக்கு அனுப்பவில்லை. இப்போது யார் கதையைத் தந்தாலும் முதல் வாசிப்பில் பேனாவைக் கையில் எடுப்பதில்லை. தெரியாத சொல் வந்தால் வேறு தாளில் எழுதி வைத்து, அவர்களிடமே கேட்கிறேன்.

தஞ்சாவூரிலிருந்து:

எனக்குக் குழுவெல்லாம் கிடையாது. அம்மாதான். எட்டாவது வரை படித்தவர். கண் சரியாகத் தெரியாததால் நான் படிக்க அவர் கேட்பார், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே. கணவனோடு மனத்தாங்கலில் ஒரு நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து யோசிக்கும் பெண்ணைப் பற்றி எழுதியிருந்தேன். முடித்ததும் அம்மா கேட்டது: "வீட்ல ரெண்டு புள்ளைங்க இருக்குன்னு எழுதியிருக்கியே, அன்னைக்கு சோறு யாரு ஆக்குனா?"

நான் திருப்பி எழுதினேன். அந்தப் பெண் இப்போது சமைத்துக்கொண்டேதான் யோசிக்கிறாள்.

சோமனூரிலிருந்து:

இரண்டு பேருக்கும் நன்றி. வெஞ்சனம் விஷயத்தைப் படித்த பிறகு அந்தத் தம்பியின் கதையை இன்னொரு முறை வாசித்தேன். நான் தப்பு என்று முன்பு குறித்து வைத்திருந்த மூன்று சொற்களும் அவர்கள் ஊர்ப் பேச்சு. அழித்துவிட்டேன்.

நேற்று அவன் வந்தான். அபிப்பிராயம் எதுவும் சொல்லாமல், "எழுதும்போது எந்த இடத்துல ரொம்ப நேரம் நின்ன?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, மூன்றாம் பக்கத்தில் தாத்தா வீட்டை விற்கும் இடத்தைக் காட்டினான். அங்கே என்ன நடந்தது என்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லையாம், அதனால் இரண்டு வரியில் தாண்டிவிட்டானாம். அதே இடத்தில் நானும் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருந்தேன். தாளைத் திருப்பி அவனுக்குக் காட்டினேன். வீடு விற்ற கதையைப் பாட்டியிடம் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று போயிருக்கிறான்.