கை தமனியில் புடைப்பு, ரத்தத்தில் ஈசினோபில் அதிகம்: தொடர்பு உண்டா?

கேள்வி:
தம்பிக்கு முழங்கைக்கு மேலே துடிக்கிற கட்டி, ஸ்கேனில் பிரேக்கியல் தமனி (மேல்கையின் முக்கிய ரத்தக்குழாய்) புடைத்திருக்கிறது என்கிறார்கள், ரத்தத்தில் ஈசினோபில் என்ற ஒரு வகை வெள்ளணு 1500-ஐத் தாண்டிவிட்டது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்குமா? பயமாக இருக்கிறது.

பதில் 1:
அரிதுதான், ஆனால் உண்டு. அந்த வெள்ளணுக்கள் அளவுமீறினால் அவை வெளியிடும் புரதங்கள் தமனிச் சுவரைப் பலவீனமாக்கும், ரத்தம் உறையவும் தூண்டும். புடைப்புக்குள் உறைந்த ரத்தம் துணுக்காக உடைந்து விரல்களுக்குப் போய் அடைப்பதுதான் பெரிய கவலை. விரல் வெளுத்தாலோ சில்லிட்டாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பதில் 2:
அக்கா, கட்டியை அமுக்கிப் பார்க்க வேண்டாம். ரத்தநாள அறுவை மருத்துவரும் ரத்தவியல் மருத்துவரும் சேர்ந்து பார்க்கட்டும். பெரும்பாலும் புடைத்த பகுதியை நீக்கிவிட்டு, காலிலிருந்து எடுத்த சிரையை வைத்து இணைப்பார்கள். அப்புறம் ஸ்டீராய்டு மாதிரி மருந்தால் அணுக்களையும் குறைக்க வேண்டும், இல்லையென்றால் வேறு தமனியிலும் வரலாம்.