மெராந்தி நாற்றுகளின் ஏற்ற இறக்கம்: பழைய நினைவுகள் தேவை

குழுவினருக்கு வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் அருகே, எங்கள் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய காட்டில் மெராந்தி எனும் உயர்ந்த காட்டு மரங்களின் நாற்றுகளை எண்ணி வருகிறேன். இம்மரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. 2 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை, பெரும்பாலும் எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை) காலத்தையொட்டி, பல இனங்கள் ஒருசேரப் பூத்துக் காய்க்க, தரையெங்கும் நாற்றுகள் முளைத்து, பின் நிழலில் வாடிச் சிறுகச் சிறுகக் குறைகின்றன. குறிஞ்சியின் 12 ஆண்டுக் கணக்கைப் போல இது சீரானதன்று என்பதே என் சிக்கல். (குறிஞ்சி பூத்துக் காய்த்ததும் மடிந்துவிடும், மெராந்தி நிற்கும்.) பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், இறக்கை வைத்த அக்காய்கள் எந்தெந்த ஆண்டுகளில் கொட்டின என்று கேட்டுச் சொல்ல இயலுமா? தீபாவளிக்கு முன்பா பின்பா என்ற அளவில் நினைவிருந்தாலும் போதும். நாற்றுகளை மாதந்தோறும் எண்ணுவதா, ஆண்டுக்கு ஒருமுறை போதுமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.