பொதுப் போல்டர்களில் குரூப் கோட்டா: இருப்பது 31 ஜிபி, ஆனால் இடமில்லை என்கிறது

கேள்வி

வணக்கம் அண்ணாமார், அக்காமார். கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் அச்சகத்தின் கணினிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். 14 பேர் வேலை செய்கிறார்கள். உபுண்டு லினக்ஸ் சேர்வரில் சேம்பா என்ற பைல் பகிர்வு மென்பொருள் வழியாகக் கணக்கு, வடிவமைப்பு, பொது என்று மூன்று போல்டர்கள் இருக்கின்றன. மூன்றும் 2 டிபி டிஸ்க்கில், ஈஎக்ஸ்டி4 பைல் முறையில் உள்ள ஒரே பார்ட்டிஷனில் (டிஸ்க் பகுதியில்).

வடிவமைப்புப் பிரிவு டிஸ்க்கை நிரப்பிவிடும் என்று பயந்து, போன மாதம் குரூப் கோட்டா (ஒரு யூசர் குழு எவ்வளவு இடம் எடுக்கலாம் என்ற வரம்பு) போட்டேன். கணக்குக்கு சாஃப்ட் லிமிட் (எச்சரிக்கை வரம்பு) 80 ஜிபி, ஹார்ட் லிமிட் (தாண்டவே முடியாத வரம்பு) 100 ஜிபி. வடிவமைப்புக்கு 700, 800.

இன்று காலை கணக்குப் பிரிவு அக்கா பெறுமதி சேர் வரிக் கணக்கைச் சேமிக்கப் போனால், இடமில்லை என்று மறுத்துவிட்டது. கணக்குப் போல்டரை அளந்தால் 31 ஜிபிதான் வருகிறது. கோட்டா அறிக்கை தரும் ரெப்கோட்டா கட்டளை 84 என்று காட்டுகிறது. 84 என்றாலும் 100ஐத் தொடவில்லையே! அந்தப் பக்கம் வடிவமைப்புப் போல்டர் 910 ஜிபி ஆகிவிட்டது, அதை எதுவும் தடுக்கவில்லை. ரெப்கோட்டாவில் அந்தக் குரூப்புக்கு 140தான். மாத முடிவு வேறு, அக்கா பென்டிரைவில் சேமித்துக்கொண்டிருக்கிறார். தயவுசெய்து உதவுங்கள்.

பதில் 1

தம்பி, கோட்டாவை நிறுத்திவிட்டு, பயன்பாட்டை மறுபடி எண்ணும் கோட்டாசெக் கட்டளையை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பழைய எண்ணிக்கை அப்படியே நின்றிருக்கலாம். ஓட்டும்போது யாரும் பைல் எழுதக் கூடாது. ரெப்கோட்டாவில் கணக்கு வரி முழுதும் எப்படி வருகிறது என்றும் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

மதிய இடைவேளையில் எல்லோரையும் வெளியேற்றிவிட்டு ஓட்டினேன் அண்ணா. எண்கள் மாறவில்லை. கணக்கு வரியில் ஒரு கூட்டல் குறி இருக்கிறது, அவகாசப் பத்தியில் ‘நன்’ (none) என்று இருக்கிறது.

பதில் 2

அந்த ‘நன்’ என்றால் அவகாசம் முடிந்துவிட்டது என்று பொருள், அதுதான் அக்காவைத் தடுத்தது. சாஃப்ட் லிமிட்டைத் தாண்டினால் அவகாசம் ஓடத் தொடங்கும். நீங்கள் மாற்றாவிட்டால் அது 7 நாள். அது முடிந்ததும் சாஃப்ட் லிமிட்டே ஹார்ட் லிமிட் மாதிரி நடந்துகொள்ளும். 100 வரைக்கும் இடம் இருந்தாலும் புதிதாக ஒன்றும் எழுத விடாது. 80க்குக் கீழே இறங்கினால் உடனே சரியாகும்.

போல்டர் அளவும் கோட்டா அளவும் ஒத்துவராதது வேறு பிரச்சினை. குரூப் கோட்டா போல்டரைப் பார்ப்பதே இல்லை. பைல் எந்தக் குரூப்புக்குச் சொந்தம் என்று மட்டும் பார்க்கும், அது அந்த பார்ட்டிஷனில் எங்கே கிடந்தாலும். உபுண்டுவில் வழக்கம்போல் யூசரை உருவாக்கினால் அவர் பெயரிலேயே ஒரு தனிக் குரூப் உண்டாகும், அவர் எழுதும் பைல் அந்தக் குரூப்பில் விழும். உங்கள் வடிவமைப்பாளர்களின் பைல்கள் அப்படித்தான் தப்பியிருக்க வேண்டும். கணக்குக் குரூப்புக்குச் சொந்தமான பைல்களை ஃபைண்ட் கட்டளையால் பார்ட்டிஷன் முழுக்கத் தேடுங்கள்.

கேள்வி கேட்டவர்

அண்ணா, அப்படியேதான்! பொதுப் போல்டரில் கணக்குப் பிரிவு ஸ்கேன் பண்ணிப் போட்ட பில்கள் 53 ஜிபி இருக்கின்றன. கணக்குப் பிரிவினருக்கு மட்டும் கணக்கையே முதன்மைக் குரூப்பாக வைத்திருக்கிறார்கள், எனக்கு முன் இருந்தவர் செய்தது. இப்போது விளங்குகிறது. எப்படித் திருத்துவது?

பதில் 2

ஒவ்வொரு போல்டரிலும் உள்ள எல்லாவற்றையும் அந்தந்தப் பிரிவின் குரூப்புக்கு மாற்றுங்கள். பிறகு போல்டர்களுக்கும் உட்போல்டர்களுக்கும் செட்ஜிட் பிட் என்ற அனுமதிக் குறியைப் போடுங்கள். அதன்பின் அங்கே யார் புதிதாக எழுதினாலும் பைல் போல்டரின் குரூப்பையே எடுக்கும். பைல்களுக்குப் போடாதீர்கள், போல்டர்களுக்கு மட்டும்.

ஒன்றை வடிவாகக் கவனியுங்கள். வடிவமைப்பில் 910 ஜிபி கிடக்கிறது. ரூட்டாக (நிர்வாகி யூசராக) குரூப்பை மாற்றும்போது கோட்டா உங்களைத் தடுக்காது, ஆனால் அடுத்த நிமிடமே அந்தப் பிரிவில் ஒருவராலும் சேமிக்க முடியாது. முதலில் லிமிட்டை உயர்த்துங்கள். லிமிட் போடும் செட்கோட்டா கட்டளையில் வெறும் எண் கொடுத்தால் அது கிலோபைட் கணக்கு, ஜிபியை இருமுறை 1024ஆல் பெருக்கிப் போட வேண்டும். 400 ஜிபி என்றால் 419430400. 400000000 என்று போட்டால் 381 ஜிபிதான் கிடைக்கும், நான் அப்படி ஒருமுறை மாட்டியிருக்கிறேன்.

பதில் 3

செட்ஜிட் நல்லதுதான், ஆனால் ஓட்டை ஒன்று உண்டு. ஒரே பார்ட்டிஷனுக்குள் பைலை நகர்த்தினால் அது பழைய குரூப்போடேயே போகும். நகல் எடுத்தால்தான் புதுக் குரூப். யாராவது சேர்வரிலேயே நகர்த்தினால் எண்ணிக்கை மறுபடி குழம்பும்.

உங்களுக்கு வேண்டியது போல்டருக்கு அளவு. அதற்கு ப்ராஜெக்ட் கோட்டா என்று தனியாக இருக்கிறது. எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு பைல் முறையில் வெகுகாலமாக உண்டு, ஈஎக்ஸ்டி4க்கு 2016இல் வந்த லினக்ஸ் கேர்னல் 4.5இலிருந்து. போல்டருக்கு ஓர் எண் கொடுத்து, உள்ளே வருபவை அந்த எண்ணை வாரிசாக எடுக்கும்படி சிஎச்அட்டர் கட்டளையால் குறி வைக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள பைல்களுக்கும் அந்த எண்ணைப் போட மறக்காதீர்கள். எண் வேறான போல்டருக்குள் நேரடியாக நகர்த்தக் கேர்னல் விடாது, நகல் எடுத்து அழிக்கும் வேலையாக மாறிவிடும். அதனால் எண்ணிக்கை தவறாது.

ஈஎக்ஸ்டி4இல் இந்த வசதியை ட்யூன்2எஃப்எஸ் கட்டளையால் இயக்க பார்ட்டிஷனைக் கழற்றியாக (அன்மவுண்ட் செய்தாக) வேண்டும். வேலை நேரத்தில் வேண்டாம், விடுமுறை நாளில் ஆறுதலாகச் செய்யுங்கள். அதற்கு முன் முழு பேக்கப்.

கேள்வி கேட்டவர்

அன்றே ஸ்கேன் பில்களின் குரூப்பை மாற்றினேன். கணக்கு 31க்கு இறங்கி, அக்கா சேமித்துவிட்டார்.

நேற்று போயா விடுமுறை, அலுவலகத்தில் ஒருவரும் இல்லை. பேக்கப் சரியா என்று சில பைல்களைத் திறந்து பார்த்துவிட்டு, பார்ட்டிஷனைக் கழற்றி, டிஸ்க் பரிசோதனை முடித்து, ப்ராஜெக்ட் கோட்டாவை இயக்கினேன். கணக்கு 101, வடிவமைப்பு 102, பொது 103. வடிவமைப்புக்கு இப்போதைக்கு 1000 ஜிபி, குரூப் கோட்டாவை எடுத்துவிட்டேன். இப்போது போல்டர் அளவும் அறிக்கையும் ஒத்துவருகின்றன. விண்டோஸில் வடிவமைப்பு டிரைவைத் திறந்தால் 2 டிபிக்குப் பதில் 1000 ஜிபி என்றே காட்டுகிறது. எவ்வளவு மிச்சம் என்று இன்று காலை வடிவமைப்பாளர்களே பார்த்துவிட்டு, பழைய கலண்டர் வேலைகளைத் தாங்களாகவே பேக்கப் டிஸ்க்குக்கு அனுப்பத் தொடங்கியிருக்கிறார்கள். மூவருக்கும் மனமார்ந்த நன்றி.